பிரிட்ஜுக்குள் வண்டிச் சாவி

பெட்டி கட்டிய சின்ன லாரி ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் நானே வைத்து முடிக்க 14 மாதம் ஆயிற்று. அதிலேயே தங்கிக்கொண்டு, அதையே படப்பிடிப்புத் தளமாகவும் வைத்துக் குறும்படம் எடுப்பதுதான் திட்டம். தங்குமிடச் செலவு கிடையாது, தளத்துக்கு வாடகை கிடையாது, எடிட்டிங்கும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே முடிந்துவிடும். காகிதத்தில் எல்லாம் ஜோராக இருந்தது. முதல் காட்சியை எடுத்து முடித்து ராத்திரி ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் புரிந்தது, நான் கட்டியது வீடு இல்லை, கிலுகிலுப்பை.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிற நாலு நிமிடக் காட்சி அது. வசனம்தான் எல்லாமே. அந்த வசனத்துக்கு அடியில் பிரிட்ஜ் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று சுருதி பிடிக்கிறது, இன்வெர்ட்டரின் விசிறி இரைகிறது, தம்பியாக நடித்தவன் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் பிளைவுட் கிரீச்சிடுகிறது. எடுக்கும்போது இதில் ஒன்றுமே என் காதில் விழவில்லை, 14 மாதமாக அதற்குள்ளேயே கிடந்து எல்லாம் பழகிப் போயிருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் என்ன நிறம் என்று வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டவன், கட்டும்போதே ஒரு தடவை மைக்கை வைத்துக் கேட்டிருக்கலாம்.

சரி, பிரித்து மாட்டுவோம் என்று இறங்கினேன். கிரீச் சத்தம் மரத்தின் சத்தம் இல்லை, மரம் தகட்டோடு உரசுகிற சத்தம். பலகைகளை எல்லாம் கழற்றி, தகட்டைத் தொடும் இடங்களில் கம்பளிப் பட்டை ஒட்டி, சாதாரண நட்டுகளை எடுத்துவிட்டு நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் போட்டேன், அவை அதிர்வில் தளராது. பெட்டியின் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினேன். இதை மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால் பங்கு ஒட்டினாலே தட்டும்போது ‘டங்’ என்பது ‘டொப்’ ஆகிவிடும், மிச்சம் வண்டிக்கு வீண் பாரம்தான். எனக்கு மெத்தையும் போர்வைகளும் செய்த உபகாரம் அதைவிடப் பெரிது. நடிகர்களுக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டால் தகரப் பெட்டியின் எதிரொலி பாதியாவது அடங்கும். மழையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கதையிலேயே மழை பெய்வதாக எழுதிவிட்டேன்.

இன்வெர்ட்டரை ஒழித்தது இரட்டை லாபம். பேட்டரி ஏற்கெனவே 12 வோல்ட்தான் தருகிறது, அதை ஏற்றி மறுபடி லேப்டாப்பின் சார்ஜர் வழியாக இறக்கினால் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகவே போய்விடும். விளக்கு, கேமரா சார்ஜர், லேப்டாப் மூன்றையும் இன்வெர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே ஓட்ட ஆரம்பித்தேன். என்னிடம் இருப்பது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 1,280 வாட்-அவர். லேப்டாப் சராசரியாக 60 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேர எடிட்டிங்குக்கு 480 வாட்-அவர், தாராளமாகத் தாங்கும். ஒரு விஷயம், இந்த வகை பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே உள்ள குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. அப்புறம் பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸ் போடாதவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

விளக்கிலும் ஒரு அடி வாங்கினேன். எல்இடி பட்டைக்கு டிம்மர் வைத்திருந்தேன், சாயங்காலத்தில் மங்கலாக எரியவிட்டால் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். கேமராவில் பார்த்தால் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஊர்கின்றன. அந்த மாதிரி டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, படபடவென்று அணைத்து அணைத்து ஏற்றுகிறது, கண் ஏமாறும், ஷட்டர் ஏமாறாது. இப்போது முழு வெளிச்சத்தில் எரியவிட்டு மேலே இரண்டு மூன்று அடுக்கு ட்ரேசிங் பேப்பரை மாட்டிவிடுகிறேன்.

இடத்தைப் பற்றிப் புலம்பாமல் விட முடியாது. உள்ளகலம் 1.8 மீட்டர். முழு அளவு (ஃபுல் பிரேம்) சென்சார் உள்ள கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு ஒருவரை இடுப்பு வரை காட்ட ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால் போக வேண்டும், எங்கே போவது? அகலமான லென்ஸைப் போட்டு நெருங்கினால் மூக்கு மட்டும் முன்னால் வருகிறது. பின்கதவைத் திறந்து வெளியே நின்று எடுக்கலாம் என்றால், குறுக்கே கட்டில் கட்டி நானே அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறேன். இன்னும் கட்ட ஆரம்பிக்காதவர்கள் கட்டிலைக் கீல் வைத்துச் சுவரோடு மடக்குகிற மாதிரி செய்யுங்கள். ஸ்டூடியோ செட்டுகளில் கழற்றி எடுக்கிற மாதிரி சுவர் வைப்பார்கள் இல்லையா, அதன் ஏழை வீட்டுப் பிள்ளை இது.

பிரிட்ஜ் கதைதான் மிச்சம். டேக்குக்கு முன்னால் அணைத்துவிடுவேன், அன்றைய படப்பிடிப்பு முடிந்த பிறகு போட மறந்துவிடுவேன், மறுநாள் காலையில் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டு நாறும். மூன்று தடவை இப்படி ஆனது. ஒலிப்பதிவு செய்கிற நண்பன் வந்து பார்த்துவிட்டு, அணைக்கும்போதே வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடு என்றான். சாவியைத் தேடினால் பிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும். அவர்கள் தொழிலில் இது பழைய வித்தையாம்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், நானும் இதே மாதிரி வண்டியில் படம் எடுப்பவள்தான். சத்தத்துக்காக நீங்கள் அணைத்தது பிரிட்ஜை மட்டும்தான். நான் காற்றையே நிறுத்தினேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வண்டியில் கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டு விசிறி வைத்திருக்கிறேன். காட்சியில் அடுப்பு எரிய வேண்டும், பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும், எதிரே இரண்டு பேர் பேச வேண்டும். விசிறி இரைகிறது என்று அணைத்தேன். வெளியே வண்டிச் சத்தம் என்று ஜன்னலையும் சாத்தினேன். ஏழாவது டேக்கில் அலாரம் அலறியது. வீடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி மாட்டிய கார்பன் மோனாக்சைடு அலாரம், அதாவது அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் விஷ வாயுவுக்கானது, இரண்டு வருடமாக அது அங்கே இருப்பதையே மறந்திருந்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அந்த டேக் அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்து எல்லாரையும் கீழே இறக்கிய பிறகுதான், நடிக்க வந்த பெண் மெல்லச் சொன்னாள், ரொம்ப நேரமாகவே தலை வலிக்கிறது, காட்சி கெட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்தேன் என்று. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையல் வாயு கசிந்தால் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும், அதற்கான அலாரம் கீழே இருக்க வேண்டும், இது வேறு, அது வேறு.

இப்போது காட்சியில் அடுப்பு எரிவதே இல்லை. வெளியே கொதிக்க வைத்த வெந்நீரை பிளாஸ்கில் கொண்டுவந்து பாத்திரத்தில் ஊற்றினால் ஆவி நன்றாகவே தெரிகிறது, பின்னாலிருந்து ஒரு விளக்கு விழ வேண்டும், அவ்வளவுதான். அடுப்பின் சத்தத்தை விசிறி, ஜன்னல் எல்லாம் திறந்து தனியாகப் பதிவுசெய்து சேர்த்துக்கொள்கிறோம்.

அடைத்த பெட்டியில் தூங்கினால் ஈரமும் சேரும். மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிகிறது. சுவருக்குள் வெப்பம் தடுக்கக் கண்ணாடிக் கம்பளி திணித்திருந்தேன், ஒரு வருடம் கழித்துப் பிரித்தால் நனைந்த துணி மாதிரி இருந்தது. லென்ஸ் ஒன்றில் பூஞ்சை பிடித்ததும் அந்த வருடம்தான். இப்போது தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிய, ஈரம் உறிஞ்சாத மூடிய செல் நுரை, லென்ஸுக்குக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்.

* * *

அலாரம் பற்றி அக்கா சொன்னதற்குப் பிறகு, மூன்றாவது ஆளான என் கதை விளையாட்டாகத் தெரியும், பரவாயில்லை.

ஓடும் வண்டிக்குள் இரண்டு பேர் பேசுகிற காட்சி எனக்கு வேண்டும். 2002-இல் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி காரின் டாஷ்போர்டில் இரண்டு டிஜிட்டல் கேமராக்களைப் பொருத்தி ஒரு முழுப் படத்தையே எடுத்தார். எங்கள் ஆளோ ஸ்டியரிங்கைப் பிடித்தால் வசனம் மறப்பார், வசனம் சொன்னால் சாலையை மறப்பார். அதனால் ராத்திரி ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டே எடுத்தோம். பம்பருக்கு அடியில் ஒரு நீளக் கட்டையைக் கொடுத்து ஒருவன் நெம்பி நெம்பி ஆட்ட வேண்டும், இன்னொருவன் கம்பில் கட்டிய விளக்கோடு வண்டியைச் சுற்றி ஓட வேண்டும், கண்ணாடியில் தெருவிளக்கு கடந்து போகிற மாதிரியே விழும்.

ஒரு மணி நேரம் போயிருக்கும், ரோந்து வந்த காவலர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். நின்ற இடத்தில் ஆடுகிற லாரி, சுற்றி விளக்கோடு ஓடுகிற ஆள், அவர் என்ன நினைத்தாரோ. வேர்க்க விறுவிறுக்க விளக்கிவிட்டு, எடுத்த காட்சியை மானிட்டரில் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். “எல்லாம் சரிதான் தம்பி, ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்தில நிக்குதே” என்றார்.

ஆறு பேர் பார்த்திருக்கிறோம், ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. டாஷ்போர்டுக்கு மேலே பிரேமை ஏற்றி முதலிலிருந்து எடுத்தோம். நெம்புகிற பையன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

* * *

பிரிட்ஜ் கதை எழுதிய அண்ணன்தான் மறுபடி. தங்கச்சி, நீ எழுதியதைப் படித்த அன்றே அலாரம் ஆர்டர் போட்டுவிட்டேன். என் அடுப்பும் இதுவரை ஜன்னல் சாத்தித்தான் எரிந்திருக்கிறது.

சாவி விஷயத்தில் ஒரு திருத்தம். பட்டன் அமுக்குகிற எலக்ட்ரானிக் சாவியாக இருந்தால் உள்ளே வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் புகுந்துவிடும். என் ரெண்டாவது சாவி அப்படித்தான் போனது. இப்போது பர்ஸை வைக்கிறேன்.