ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் அனுபவம்: “கேஸ் முடிஞ்சிருச்சு” என்றால், எங்கே போச்சு என்று கேளுங்கள்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்), வெளிக் காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் போட்ட வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. கூரை மேல் இருந்த பழைய சோலார் தொட்டி ஒழுக ஆரம்பித்ததும் பலர் இதற்கு மாறிவிட்டார்கள், எங்கள் வீடும் அப்படித்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, விடிந்ததும் சுடுதண்ணீர் வேண்டும். தங்கை பிள்ளை பெற்று வந்திருந்தபோது அவளுக்கும் குழந்தைக்கும் வேறு. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் பால்மர விறகு வைத்து அண்டாவில் காய்ச்சியவர்களுக்கு, குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அம்மாவைப் பார்த்தால் தெரியும். அதனால்தான் இந்த மெஷின் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறக்கூடாது என்று எனக்கு அவ்வளவு அக்கறை.

ஒரு நாள் தண்ணீர் சூடு குறைந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை, ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. போன் பண்ணி ஒருவரை வரவழைத்தோம். வந்தார், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார், ஐந்து நிமிஷத்தில் “கேஸ் முடிஞ்சிருச்சு அக்கா, போட்டா சரியாயிடும்” என்றார். போன வருஷமும் இவர்தான் கேஸ் போட்டுவிட்டுப் போனார். “அந்தக் கேஸ் எங்கே போச்சு தம்பி?” என்று கேட்டேன். “அது தேய்ஞ்சு போகும்கா, எல்லா மெஷினுக்கும் அப்படித்தான்” என்றார். சரி, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

தேயாது. இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று இந்த இழையையே ஆரம்பித்தேன். உள்ளே இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, அவ்வளவுதான். வெளிக் காற்றில் இருக்கும் சூட்டை வாங்கி ஆவியாகும், கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கும், தொட்டித் தண்ணீருக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப திரவமாகும், மறுபடியும் முதலிலிருந்து. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையைப் பார்க்காமல் ஊற்றினால் அடுத்த வருஷமும் அதே காசு, நடுவில் குறைந்த கேஸோடு ஓடி ஓடிக் கம்ப்ரசர் சூடேறிப் போய்விட்டால் அது பெரிய காசு.

அப்புறம் ஈப்போவிலிருந்து ஒரு அங்கிள் வந்தார், முன்பு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். பேனலைக் கழற்றி, குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாக டிஷ்யூ பேப்பரால் ஒற்றினார். ஒரு நட்டில் மட்டும் பேப்பர் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. கேஸ் கசியும்போது கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கூடவே கசியுமாம். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினார், கடுகளவு கடுகளவாகக் குமிழி எழும்பியது, அம்மா உட்பட எல்லாரும் நின்று பார்த்தோம். குழாய் நுனியை வெட்டி, புதிதாக விரித்து மாட்டி, நைட்ரஜன் ஏற்றிக் கொஞ்ச நேரம் விட்டு அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, மெஷின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு கேஸ் ஏற்றினார். அதன்பிறகு யாரும் கேஸ் பேச்சை எடுக்கவில்லை.

வருகிறவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எங்கே கசிகிறது, காட்டுங்கள். தராசு இருக்கிறதா? வாக்குவம் பம்ப் கொண்டு வந்தீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். 200 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 6.5 யூனிட் சூடு வேண்டும். கரண்டில் சூடேறும் கம்பி வைத்த எலிமெண்ட் ஹீட்டர் என்றால் அந்த 6.5 யூனிட்டும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் நம் ஊர் வெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு 3, 3.5 யூனிட் சூடு தரும், அதனால் 2 யூனிட் சுற்றி முடிந்துவிடும். ஆனால் காற்று உள்ளே போனால்தான் இந்தக் கணக்கு. தோட்டத்துச் சாலை ஓரம் வீடு, லாரி போனாலே செம்மண் புழுதி, அது காற்றின் சூட்டை வாங்கும் காயிலில் அப்பிக்கொண்டால் மெஷின் மூச்சுத் திணறும். மாதம் ஒருமுறை நான் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரஷால் தட்டி, சாதாரண ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறேன். கார் கழுவும் பிரஷர் ஜெட் வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

எங்கள் மெஷின் டைமரை காலை 11 மணிக்கு வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் காற்று நல்ல சூடு, மழையும் இடியும் சாயங்காலம்தான் வரும். மின்சார நிறுவனமான தெனாகாவின் நேரவாரிக் கட்டணத்துக்குப் பதிந்தவர்களுக்கு வார நாளில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் கூடுதல் விலை, அதற்கு முன்பே தொட்டி நிறையச் சுடுதண்ணீர் தயார். தொட்டி தடிமனாகச் சுற்றியிருப்பதால் மறுநாள் காலை அம்மா குளிக்கும்வரை சூடு நிற்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

கோலகங்சார் பக்கத்து உறுப்பினர்:

அக்கா, கேஸ் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, ஏர்கோனிலும் இதே கதைதான். நான் இடம் பற்றிச் சொல்கிறேன். என் மச்சான் வீட்டில் இதைப் பின்பக்க ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவையும் பூட்டி வைத்திருந்தார்கள், திருடன் செம்புக் குழாயை அறுத்துவிடுவான் என்ற பயம், அதுவும் நியாயமான பயம்தான். ஆனால் மெஷின் விடும் குளிர்ந்த காற்றையே மெஷின் திரும்ப இழுத்தது. ஸ்டோர் ரூம் ஜில்லென்று இருக்கும், தண்ணீர் மட்டும் சூடாகாது. கடைசியில் கதவைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பிக் கிரில் போட்டார்கள், பூட்டும் ஆச்சு, காற்றும் ஆச்சு. எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொட்டகையிலேயே வைத்திருக்கிறோம். வெளியே வரும் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் ஈரம் குறைந்திருப்பதால் மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அதன் முன்னாலேயே காய்ந்துவிடுகிறது. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகை காயிலில் ஒட்டினால் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது.

*

தெலுக் இந்தானிலிருந்து:

காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காயிலிலிருந்து தண்ணீர் நிறைய வடியும், அதை யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டுக்கு டிங்கிக் கொசு சோதனைக்குச் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். பூந்தொட்டி, வாளி எல்லாம் சுத்தமாக வைத்திருந்தோம். அவர்கள் நேராக ஹீட் பம்ப்புக்குக் கீழே டார்ச் அடித்தார்கள். டிரெயின் பைப்பில் குளவி மண்ணை வைத்து அடைத்திருக்கிறது, தட்டில் விரல் உயரத்துக்குத் தண்ணீர், பாசி. நல்லவேளை புழு இல்லை. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், 1975ஆம் வருஷச் சட்டப்படி அபராதமும் உண்டு. அபராதத்தை விடுங்கள், எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளை டிங்கியில் படுத்தது, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போது வாராவாரம் தட்டைப் பார்க்கிறோம், பைப் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறோம்.

தீபாவளி பற்றியும் ஒன்று சொல்கிறேன். விடியற்காலை வீடு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தொட்டி காலியாகிவிடும், திரும்பச் சூடேற இரண்டு மணி நேரமாவது வேண்டும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் பாட்டி தாத்தாவையும் கைக்குழந்தையையும் முதலில் குளிக்க அனுப்புங்கள்.

*

வயரிங் வேலை பார்க்கும் உறுப்பினர்:

நான் சான்றிதழ் வாங்கிய வயர்மேன், தோட்டப்புறத்து வீடுகளில்தான் பெரும்பாலும் வேலை. ஹீட் பம்ப் ஓடவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் திறப்பது கண்ட்ரோல் போர்டு மூடியை. பாதி நேரம் உள்ளே பல்லி செத்துக் கிடக்கும், போர்டில் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டிருக்கும். இல்லாவிட்டால் எறும்பு, கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டருக்குள் நசுங்கி நசுங்கிக் கறுப்பாகப் படிந்து கரண்டு போகாது. உள்ளே கொஞ்சம் கதகதப்பு, அதற்காக வருகின்றன. வயர் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும். இடி அதிகம் விழும் நாடு நம்முடையது, வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பாக்ஸில், இடியால் திடீரென்று ஏறும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் சூடாக்கும் சாதனத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கரண்டு கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் போட வேண்டும். அது அடிக்கடி விழுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று நேராக வயரைக் கொடுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுகிறது என்றால் எங்கேயோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் தொட்டிக்குள் இருக்கும் துணை எலிமெண்ட்தான். அதை மாற்றுங்கள். ஈரக் காலோடு குழாயைத் தொடுவது உங்கள் பிள்ளைதான்.

*

தெலுக் இந்தான் உறுப்பினர் மீண்டும்:

வயர்மேன் அண்ணே, நன்றி. ஒரு சந்தேகம், எங்கள் சுடுதண்ணீரில் அழுகிய முட்டை வாடை வருகிறது, பச்சைத் தண்ணீரில் இல்லை. இதுவும் எலிமெண்ட் கோளாறா?

*

சுங்கை சிப்புட்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அந்த அங்கிளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். எலிமெண்ட் இல்லை தம்பி. தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், தொட்டி இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கொடுத்துக் கரையும். தண்ணீரில் ஒருவகைக் கிருமி இருந்தால் அந்தக் கம்பியோடு சேர்ந்து இந்த வாடை வரும். சூட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில மணி நேரம் வைத்து, பிறகு தொட்டியைக் காலி செய்து நிரப்பினால் பெரும்பாலும் போய்விடும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் விடாதீர்கள், 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். எப்போதும் 45 டிகிரிக்குக் கீழே வைத்து ஓட்டுகிறவர்களும் வாரம் ஒருமுறை 60க்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லாக் கிருமி தங்கும். பல மெஷின்களில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது.

தொட்டியைக் காலி செய்யும்போது அடியில் என்ன வருகிறது என்றும் பாருங்கள். கனமழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீர் வரும் இடம் என்றால் சேறு இறங்கியிருக்கும். கம்பியையும் கையோடு கழற்றிப் பார்த்துவிடுங்கள், நடுக் கம்பி வெறுமனே தெரிந்தால் மாற்ற வேண்டும். வாடை போகவே இல்லை என்றால் அலுமினியம்-துத்தநாகக் கம்பி கிடைக்கும், அதைப் போடலாம். கம்பியே இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், தொட்டி ஓட்டையாகிவிடும், அதை ஒட்ட முடியாது.

இன்னொன்று, கேஸ் ஏற்ற ஆள் வருவதற்கு முன்பே தகட்டில் கேஸ் பெயரைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-290 என்று இருந்தால் அது புரொப்பேன், தீப்பற்றும். பக்கத்தில் சாமி விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது, பழகியவர் மட்டும்தான் கை வைக்க வேண்டும். தம்பி, வாடை போனதா என்று இங்கேயே எழுதுங்கள்.