முன் ஃபோர்க்கில் சத்தம் – காலடிப்பேட்டைக் குடும்பக் குழு

[காலை 7:12] கதிர்: செல்வம் மாமா, எண்ணூர் விரைவுச் சாலையின் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் என் மவுண்டன் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க் ‘டக்’கென்று அடிக்கிறது, அமுக்கினால் பாதி வரைதான் இறங்குகிறது. கடையில் பார்த்தவுடனேயே ஃபோர்க்கை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

[காலை 7:31] செல்வம் மாமா: ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுக்காதே. முன் பிரேக்கை இறுகப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, மற்றொரு கையின் விரல்களை முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டின் மீதும், பிறகு ஃபோர்க்கின் மேல்பகுதியான ராடு, சக்கரம் மாட்டியிருக்கும் கீழ்க்காலுக்குள் நுழைகிற இடத்திலுள்ள ரப்பர் வளையமான சீலின் மீதும் வைத்துப் பார். மேலே அசைந்தால் ஃபோர்க்கின் மீது குற்றமில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டைச் சற்றே இறுக்கி, பக்க போல்ட்டுகளை மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். டிஸ்க் பிரேக்கின் பேடுகளும் இப்படி லேசாகத் தட்டும் என்பதால், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதே.

[காலை 7:58] கதிர்: கோன் செட் அசையவில்லை. சீல் அருகே மெல்லிய ஆட்டம் இருக்கிறது. வலப்பக்க ராடில் துருப்புள்ளிகளும் தெரிகின்றன.

[காலை 8:03] விஜயா அத்தை: இந்தக் கடற்காற்றில் நம் வீட்டு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, கதிர். சைக்கிளை மொட்டை மாடியில் விடாதே என்று உன் அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

[காலை 8:20] செல்வம் மாமா: அத்தை சொல்வதுதான் காரணம். உன்னுடையது குரோம் பூசிய எஃகு ராடும் சுருள்வில்லும் கொண்ட ஃபோர்க். சுருள்வில்லுக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் விலை கூடிய ஏர் ஃபோர்க்குகளில் கீழ்க்காலுக்குள் எண்ணெய் இருக்கும், இதில் பெரும்பாலும் கிரீஸ் மட்டுமே. அந்த கிரீஸ் கரைந்து, உப்பும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் உள்ளே போனால், கீழ்க்காலுக்குள் ராடு வழுக்கி ஓடும் வளையமான புஷ் தேய்ந்து, ராடு திக்கித் திக்கி இறங்கும்.

மேலே சுருள்வில்லை இறுக்கும் பிரீலோடு திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, சக்கரத்தையும், பேடுகளைப் பிடித்திருக்கும் பிரேக் காலிப்பரையும் கழற்று. கீழ்க்கால்களின் அடியிலுள்ள போல்ட்டுகளைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளேயிருக்கும் தண்டு விடுபடும். அதன் பிறகு போல்ட்டுகளை முழுவதும் எடுத்துவிட்டுக் கீழ்க்கால்களை உருவலாம். பழைய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, துருவின் மீது நகத்தை ஓட்டிப் பார். நகம் தடுக்காவிட்டால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்துவிடலாம். தடுத்தால் அது குழி. புது சீல் போட்டாலும் அதை அறுத்துவிடும்.

[காலை 8:26] கதிர்: துரு நீக்கும் ஸ்பிரேயைச் சீலுக்குள் அடித்தால் போதாதா?

[காலை 8:29] செல்வம் மாமா: கூடாது. மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கழுவிவிடும். சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் கிரீஸைப் புஷ்ஷின் மீதும் சீலின் உள்விளிம்பிலும் தாராளமாகத் தடவு.

[மதியம் 1:47] கதிர்: பிரித்துப் பார்த்தேன், மாமா. உள்ளே கிரீஸே இல்லை, கறுப்புச் சேறுதான் இருந்தது. துருவில் நகம் தடுக்கவில்லை, தேய்த்ததும் போய்விட்டது. இப்போது ராடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, ஆனால் அந்த மெல்லிய ஆட்டம் மட்டும் மாறவில்லை. புஷ்ஷை மாற்றிவிடலாமா?

[மதியம் 2:05] செல்வம் மாமா: அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், இந்த விலையுள்ள ஃபோர்க்குக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. சாலையில் ஓட்டுவதற்கு இந்த அளவு ஆட்டம் பாதகமில்லை, ஆனால் படிகளிலிருந்து குதிக்காதே; ஆட்டம் கூடிக்கொண்டே போனால் அப்போது மாற்றலாம். ராட்டன் பஜாரில் விசாரிப்பதற்கு முன், ஃபோர்க்கிலிருந்து ஸ்டெம் வரை மேலே போகும் ஸ்டியரர் குழாயின் விட்டம், நீளம், சக்கர அளவு, காலிப்பர் பொருந்தும் இடம் ஆகிய நான்கையும் குறித்து எனக்கு அனுப்பு. அந்தக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, கீழே அகலமா என்பதையும் பார்த்துச் சொல்.