பேய் வருகிற மாதிரி இருக்கணும், ஆனால் பேய் இருக்கக் கூடாது: இந்தக் கதை எந்தத் தட்டு?

பீரோ டீச்சர் கேட்டது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழ் எடுக்கிறேன். எங்கள் பள்ளி நூலகம் என்பது ஹெச்.எம். அறை வாசலில் நிற்கும் பச்சை இரும்பு பீரோதான். ஒரு கதவு சரியாக மூடாது, அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கிறோம். உள்ளே 312 கதைப் புத்தகங்கள். போன வருடம் வரை உயரத்தைப் பார்த்து அடுக்கியிருந்தோம். பார்க்க அழகாக இருக்கும், ஒன்றையும் தேடி எடுக்க முடியாது.

இந்த ஜூனில் ஹெச்.எம்., "வகை பிரிச்சு சீட்டு ஒட்டிடுங்க டீச்சர், பிள்ளைங்களே எடுத்துக்கட்டும்" என்றார். சரி என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். சாகசம், மர்மம், மாயாஜாலம், அறிவியல் புனைவு, வரலாறு, நாட்டார் கதை, நகைச்சுவை, விலங்குக் கதை, பள்ளிக்கூடக் கதை என்று ஒன்பது சீட்டு எழுதினேன். மத்தியானத்துக்குள் 'மற்றவை' என்று பத்தாவது சீட்டு எழுத வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் பாதிப் புத்தகம் 'மற்றவை'யில் கிடக்கிறது.

எனக்கு எங்கே இடித்தது என்று சொல்கிறேன். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' கதையில் பொம்மை பேசுகிறது, அப்படியானால் மாயாஜாலமா? 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பற்றியது, வரலாறா? 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' புத்தகத்தில் வேதாளமும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். போதாததற்கு வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று ஏற்கெனவே பிரிவு இருக்கிறது. அதன் மேல் என் சீட்டையும் ஒட்டுவதா?

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள். "டீச்சர், பேய் வர்ற மாதிரியே இருக்கணும், ஆனா கடைசில பேய் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு குடுங்க." பத்துச் சீட்டையும் மேலிருந்து கீழே பார்த்தேன். அவள் கேட்டது எதிலும் இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

இரும்புக்கை ரசிகர்:

டீச்சர், உங்கள் சிக்கல் 1972-லேயே ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் ஜனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. பெயரில் மாயாவி இருப்பதால் மந்திரக் கதை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர் மந்திரம் எதுவும் சொல்லுவதில்லை. விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதனால் என் ஓட்டு அறிவியல் புனைவுக்கு. மூலம் பிரிட்டிஷ் சித்திரக்கதை. 'மாயாவி' என்பது நம் ஆட்கள் வைத்த பெயர், அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சின்ன வயதில் இதை நம்பி பிளக் பாயின்ட் பக்கம் விரலைக் கொண்டுபோய் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆகவே சீட்டில் 'நடக்காது' என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். சித்திரக்கதையைத் தனி வகையாக வைக்காதீர்கள் என்பது இன்னொரு வேண்டுகோள். படம் போட்டுச் சொல்வது ஒரு முறை, அவ்வளவுதான். துப்பறியும் கதையும் அதில் வரும், கௌபாய் கதையும் வரும்.

ஓய்வுபெற்ற நூலகர்:

டீச்சர், 31 வருடம் கிளை நூலகங்களில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஓர் ஆறுதல். உங்களுடைய 'மற்றவை' போல என்னிடமும் ஒன்று இருந்தது, அதன் பெயர் 894.8113. நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி முறையில் தமிழ்ப் புனைகதை எல்லாம் அந்த எண்ணில் வந்து விழும். பேய்க்கதைக்கும் அதுதான், ராஜா கதைக்கும் அதுதான். பெரியவர்கள் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், சமாளித்துவிடலாம். பிள்ளைகள் ஆசிரியர் பெயரா கேட்கிறார்கள்? உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் கேட்பார்கள்.

நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். 'ஆயிஷா' குறுநாவல் எங்களிடம் வந்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு அறிவியல் தட்டில் வைத்துவிட்டேன். ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரை போல அது எழுதப்பட்டிருக்கும், அதில் ஏமாந்தேன். காந்தம், பேட்டரி என்று எந்நேரமும் கையில் எதையாவது வைத்திருக்கும் ஒரு பையன் எடுத்துப்போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்பிக் கொண்டுவந்தான். மேசையில் வைத்துவிட்டு நகரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இது நிஜமா நடந்ததா?" என்றான். படித்தவர்களுக்கு அந்தக் கதையின் முடிவு தெரியும். பரிசோதனைக் குறிப்பு தேடிப் போன பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல புத்தகம்தான். வைத்த இடம்தான் தப்பு.

அவன் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பிறகு பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எந்தக் கதைக்கும் முதலில் கேட்பது அதுதானே? நடந்ததா, நடக்குமா, நடக்கவே நடக்காதா? உங்கள் பீரோவுக்கு இந்த மூன்று சீட்டு போதும் என்பது என் கட்சி.

முதல் தட்டு, 'நம்ம தெருவில் நடக்கும்'. பள்ளிக்கூடம், வீடு, சண்டை, வறுமை, நட்பு எல்லாம் இதில் வரும். 'ஆயிஷா'வின் இடமும் இதுதான். விஞ்ஞானத்தில் ஆசை உள்ள ஒரு பெண்ணைப் பற்றிய கதை என்பதால் அது அறிவியல் புனைவு ஆகிவிடாது. அவளுக்கு நடப்பதெல்லாம் நாம் பார்த்த வகுப்பறையில் நடப்பதுதான். வரலாற்றுக் கதையையும் இதற்குப் பக்கத்திலேயே வையுங்கள், 'அந்தக் காலத்தில் நடந்திருக்கும்' என்று. அரசர் வந்தால்தான் வரலாறு என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். பானை செய்தவரின் வீட்டுக் கதையும் வரலாறுதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் கீறியிருக்கும் பெயர்களில் ஆதனும் ஒன்று. அந்தப் பெயரைப் படித்ததும், யாரப்பா நீ என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்தக் கேள்வியில்தான் வரலாற்றுப் புனைவு தொடங்குகிறது.

இரண்டாவது, 'ஒருநாள் நடக்கலாம்'. அறிவியல் புனைவு இங்கே. இதில் எழுதுகிறவருக்கு ஒரு கடன் இருக்கிறது. ஆள் பறந்தால், எப்படிப் பறந்தான் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அது தப்பான காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே நண்பர் சொன்ன மாயாவிக்கு மின்சாரம்தான் காரணம். இன்னொரு வேடிக்கை, இந்தத் தட்டில் இருப்பது நின்ற இடத்தில் நிற்காது. ஜூல் வெர்ன் 1870-இல் மாதக்கணக்கில் கடலுக்குள் சுற்றும் கப்பலைக் கற்பனை செய்தார். இன்றைக்கு விசாகப்பட்டினம் கடற்கரையில் ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பலையே கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாவது, 'நடக்கவே நடக்காது'. மந்திரம், பூதம், பேசும் நரி எல்லாம் இங்கே. ஆனால் இதற்குள் நாட்டார் கதையையும் மாயப் புனைவையும் கலக்காதீர்கள். பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. நரி பேசியதும் கதைக்குள் யாராவது திடுக்கிடுகிறார்களா? பாட்டி சொல்லும் கதையில் நரி பேசும், காக்கா பதில் சொல்லும், யாரும் அசரமாட்டார்கள். அங்கே அது சாதாரணம். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பையனிடம் நாய் திரும்பி "மெதுவா நட" என்று சொல்லி, பையன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினால் அது மாயப் புனைவு. நம் உலகத்துச் சட்டம் ஒன்று அங்கே உடைந்திருக்கிறது. முழுக்க முழுக்க வேறு உலகத்தையே கட்டி எழுப்பும் கதைகளில் இந்தச் சோதனை பலிக்காது. ஆனால் அவை தலையணை மாதிரி கனமாக இருக்கும், தூக்கினாலே தெரிந்துவிடும்.

சாகசமும் மர்மமும் எங்கே போயின என்று கேட்பீர்கள். அவை வண்டியின் இன்ஜின். எந்தத் தட்டிலும் ஓடும். அடுத்து என்ன ஆகும் என்று பக்கத்தைத் திருப்ப வைத்தால் சாகசம். இதை யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்க வைத்தால் மர்மம். இதற்குத் தனித் தட்டு வேண்டாம். முதுகில் ஒரு நிறப் பொட்டு ஒட்டுங்கள். சாகசத்துக்குச் சிவப்பு, மர்மத்துக்கு நீலம், சிரிப்புக்கு மஞ்சள் என்று உங்கள் விருப்பம்போல.

இப்போது உங்கள் பிள்ளைக்கு வருவோம். அவள் கேட்டது 'நம்ம தெருவில் நடக்கும்' தட்டில் உள்ள நீலப் பொட்டு. பாழடைந்த வீடு, ராத்திரியில் விளக்கு, கடைசியில் உள்ளே இருந்தது கடத்தல்காரன். பயமும் வேண்டும், விடிந்ததும் அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் வேண்டும் என்கிறாள். என்ன தெளிவு பாருங்கள், பெரியவர்களுக்கே இப்படிக் கேட்கத் தெரியாது. பேய் நிஜமாகவே வரும் கதையைக் கொடுத்திருந்தால் கடைசிப் பக்கத்தில் அவளுக்கு ஏமாற்றம்தான்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' விஷயத்தில் மட்டும் சீட்டை நம்பாதீர்கள். 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல் அது. பொம்மை பேசுவதால் மூன்றாவது தட்டுக்குப் போகலாம். ஆனால் அது பேசும் விஷயம், குழந்தைகளிடம் பெரியவர்கள் செய்யும் பாலியல் அத்துமீறல். அது நம் தெருவில் நடக்கிறது. வெளியே சொல்ல முடியாததைக் கேட்க ஒரு பொம்மையாவது வாய் திறக்கட்டும் என்றுதான் மாயம் அங்கே வருகிறது. நானாக இருந்தால் முதல் தட்டில் வைப்பேன். நீங்கள் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, எடுத்துப்போகும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடுங்கள்.

நுழை, நட, ஓடு, பற என்பது பிள்ளை எவ்வளவு சரளமாக வாசிக்கும் என்பதற்கான படிகள், அதற்கும் கதை வகைக்கும் சம்பந்தம் இல்லை. அது பாட்டுக்கு அட்டையில் இருக்கட்டும். எட்டாம் வகுப்புப் பையன் 'நட' புத்தகத்தை எடுத்தால் யாரும் சிரிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. நீங்கள் ஒட்டும் சீட்டு அதற்குத்தான். இலக்கியப் பாகுபாட்டை எல்லாம் கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு வால் அம்மா:

நூலகர் ஐயா சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு பயம். என் பெரியவள் ஒரு வருடமாக மந்திரக்கோல், டிராகன் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறாள். வகை என்று ஒன்று அவளுக்குத் தெரிந்த பிறகுதான் இந்தப் பிடிவாதம் வந்தது. கடையில் நேராக அந்த அடுக்குக்குப் போகிறாள், எடுக்கிறாள், திரும்பிவிடுகிறாள். எங்கள் காலத்தில் அம்புலிமாமாவைப் பிரித்தால் புராணம், ராஜா கதை, வேதாளம், நகைச்சுவை என்று எல்லாம் ஒரே இதழில் வரும். பிடிக்காததையும் வேறு வழியில்லாமல் படித்தோம். சீட்டு ஒட்டினால் அந்த வாய்ப்பு போய்விடாதா?

ஓய்வுபெற்ற நூலகர்:

போகும் அம்மா, மறுக்கவில்லை. அதற்குத்தான் நிறப் பொட்டு. உங்கள் மகள் டிராகனில் என்ன தேடுகிறாள் என்று பாருங்கள். துரத்தலும் சண்டையும்தான் என்றால் சிவப்புப் பொட்டு போட்ட வரலாற்றுக் கதை ஒன்றை நீட்டுங்கள். டிராகனுக்குப் பதில் யானை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேறு உலகம்தான் வேண்டும் என்றால் விண்வெளிக் கதை. ஒரு வருடம் ஒரே வகை படிப்பதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். என் மகன் எட்டாவது முழுக்கத் துப்பறியும் கதையாகவே படித்தான். இப்போது ஆடிட்டராக இருக்கிறான், அதுவும் ஒருவகைத் துப்பறிதல்தான் என்கிறான்.

பீரோ டீச்சர் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பத்துச் சீட்டையும் கிழித்துவிட்டு மூன்று தட்டு ஆக்கியாயிற்று. பொட்டுக்கு ஸ்டிக்கர் பொட்டுதான். வகுப்பில் பிள்ளைகளே ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், அதனால் நீலத்தில் மட்டும் நான்கு விதம் இருக்கிறது.

அந்தப் பிள்ளை நீலப் பொட்டுப் புத்தகம் மூன்று முடித்துவிட்டாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தபோது, "இதுல பேய் இல்லைன்னு அஞ்சாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்று புகார் வேறு.

'விஞ்ஞான விக்கிரமாதித்தன்' விஷயத்தில் எட்டாம் வகுப்பில் வாக்கெடுப்பே நடத்தினோம். அறிவியல் உண்மை, சொல்கிற முறைதான் வேதாளம், அதனால் கதைத் தட்டிலேயே வேண்டாம், அறிவியல் புத்தகங்களோடு வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வேதாளம் வந்துவிட்டால் மூன்றாவது தட்டுதான் என்று எதிர்க்கட்சி. 14-க்கு 14. என் ஓட்டைக் கேட்டார்கள், மணி அடித்துவிட்டது.

நூலகர் சார், உங்களிடம் கேட்க இன்னொன்று பாக்கி இருக்கிறது. இது வேறு புத்தகம், வேதாளம் வரும் பழைய விக்கிரமாதித்தன் கதை. அதை 'நடக்கவே நடக்காது' தட்டில் வைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தால் அது 'நம்ம தெருவில் நடக்கும்' தட்டில் இருந்தது. தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று எடுத்து மாற்றினேன். இன்று காலை மறுபடியும் அங்கேயே இருக்கிறது. விசாரித்ததில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் வேலை. அவர்கள் தெருமுனைப் புளியமரத்தில் ஒன்று தொங்குகிறதாம், அவன் பாட்டி பார்த்திருக்கிறாராம். மாற்றவா, விட்டுவிடவா?