கே–பெர்ன் கரைப்பானில் பாலிமர் சங்கிலி: எஸ் ஏறவே மாட்டேன் என்கிறது, அவசரம்!

பாலக்கோட்டான்:
லாம்ப்ஸில் (மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருள்) நீள்வட்ட வடிவத் திரவப் படிகத் துகள்களைக் கே–பெர்ன் விசை விதிப்படி கரைப்பானாக வைத்து, நடுவே ஒரு பாலிமர் சங்கிலி போட்டு ஓட்டுகிறேன். எவ்வளவு குளிரவைத்தாலும் ஒழுங்கு அளவு எஸ் (தாறுமாறாக இருந்தால் 0, எல்லாம் ஒரே திசை பார்த்தால் 1) 0.047. சங்கிலியும் சுருண்டே கிடக்கிறது. எரர் எதுவும் வரவில்லை. வியாழக்கிழமை ரிவ்யூ. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்:
தம்பி, அடர்த்தி எவ்வளவு? எத்தனை துகள்? துகளை நகர்த்த எந்த ஃபிக்ஸ் கட்டளை? எதையும் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

மாங்கனி:
அவசரமாகக் குளிரவைத்திருப்பீர்கள். மெதுவாக இறக்குங்கள். என் அனுபவத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் அதுதான்.

பழம்புலி:
இந்த விசை விதியைப் பற்றிக் கே, பெர்ன் இருவரும் 1981-ல் எழுதிய கட்டுரையைத் தம்பி புரட்டியாவது பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். 1972-லேயே லெப்வோல்–லாஷர் மாடல் வந்துவிட்டது. துகளை லேட்டிஸில் (கட்டப் பின்னலில்) நிறுத்தி மான்டி கார்லோ (தற்செயல் எண் முறை) போட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இன்புட் ஃபைலைக் காப்பியடிக்கத்தான் தெரிகிறது.

பாலக்கோட்டான்:
துகள் 2000, நீள அகல விகிதம் 3. சங்கிலியில் 40 உருண்டை மணிகள், ஃபீனே பிணைப்பு (ஓர் அளவுக்கு மேல் நீளாத ஸ்பிரிங்). அடர்த்தி 0.32, வெப்பநிலை 0.95 (இரண்டும் அலகில்லா எண்கள்). சார், லேட்டிஸ் வேண்டாம் என்று கைடு சொல்லிவிட்டார்.

மாங்கனி:
0.32 விளிம்பில்தான் இருக்கிறது. சங்கிலி கலந்தால் நெமாட்டிக் (துகள்கள் ஒரே திசை பார்க்கும் நிலை) இன்னும் தள்ளிப்போகும். 0.34 வைத்துப் பாருங்கள். ஒழுங்கு வந்ததும் சங்கிலி நேராக நீண்டுவிடும்.

பழம்புலி:
நேராகவா? இயற்பியலாளர் டி ஜென் சொன்ன, சங்கிலி திரும்பி மடங்கும் கொண்டை ஊசி வளைவு என்னாவது? வத்தல்மலை ரோடு மாதிரி மடங்கி மடங்கித்தான் போகும்.

மாங்கனி:
அது விறைப்பான சங்கிலிக்கு ஐயா. இது தொளதொளப்பானது. இயக்குதிசையில் (துகள்கள் பொதுவாகப் பார்க்கும் திசையில்) கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

பழம்புலி:
வெறும் தொளதொளச் சங்கிலி நெமாட்டிக்கில் ஒழுங்காகக் கரையவே கரையாது. பிரிந்து ஒதுங்கும். இதில் நீளுமாம்.

ஓசூர்க்காரன்:
நீங்கள் இருவரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். தம்பி, எஸ் எல்லா ஃபிரேமிலும் அதே 0.047-ஆ? கடைசி இலக்கம்கூட ஆடவில்லையா?

பாலக்கோட்டான்:
ஆமாம் அண்ணா, அதேதான். ஃபிக்ஸ் வரி: "ஆல் என்விடி", அதாவது எல்லாத் துகளுக்கும் நிலையான கன அளவு, வெப்பநிலை.

ஓசூர்க்காரன்:
அதுதான் விஷயம். சாதா என்விடி மையத்தை மட்டும் நகர்த்தும், துகளைத் திருப்பாது. டம்பில் (வெளியீட்டுக் கோப்பில்) முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம் குவாட்டர்னியன்களை (துகளின் திசையைக் குறிக்கும் நான்கு எண்கள்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓர் எண்கூட மாறியிருக்காது. கரைப்பானைத் தனி குரூப்பாக்கி துகளைத் திருப்பவும் செய்யும் "என்விடி ஸ்லாஷ் ஆஸ்ஃபியர்" கொடுங்கள், சங்கிலிக்குச் சாதா என்விடி. அப்புறம் என்பிடிக்கு (நிலையான அழுத்தம்) போனால் பேரோஸ்டாட் (அழுத்தக் கட்டுப்பாடு) ஒரே ஃபிக்ஸில்தான். பெட்டியின் மூன்று பக்கமும் தனித்தனியாக மாறட்டும்.

மாங்கனி:
அப்படியே மெதுவாகவும் குளிரவையுங்கள்.

பாலக்கோட்டான்:
மாற்றினேன். 0.34-ல் எஸ் 0.6 தாண்டிவிட்டது. நன்றி அண்ணா. கரண்ட் போகுமுன் ரீஸ்டார்ட் ஃபைல் (விட்ட இடத்திலிருந்து தொடர) எழுத வேண்டும், வருகிறேன்.

பழம்புலி:
சங்கிலி நீண்டதா, ஒதுங்கியதா? அதைச் சொல்லாமல் போகிறாரே.