ஆவடியில் 2 போர்ஷன் 7 மாதமாகக் காலி, என்ன செய்யலாம்?

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் 2 போர்ஷன், தலா 450 சதுர அடி, ஒரு படுக்கையறை. 7 மாதமாக இரண்டுமே காலி.

அப்பா 1998-ல் கட்டியது. குடிவந்தவர்கள் எல்லாம் தையல் பிரிவுக்காரர்கள்தான். மாடிப்படிக்கு அடியில் எப்போதும் நாலைந்து சைக்கிள் நிற்கும், போர்டே மாட்டியதில்லை. 2017-ல் வீரர்களுக்குச் சீருடைக்குப் பதில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் அலவன்ஸ் என்று ஆனது. 2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலை உட்பட நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் 7 கம்பெனிகளாகப் பிரிந்தன. அதற்கப்புறம் எங்கள் தெருவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து வந்தவர் யாருமில்லை. கடைசியாக இருந்தவரும் ஓய்வு பெற்று ஆரணிக்குப் போய்விட்டார்.

வாடகையை 8,500-லிருந்து 7,000 ஆக்கினேன். அட்வான்ஸ் 6 மாதத்திலிருந்து 3 மாதம். பெயின்ட் அடித்தாயிற்று, 2 புரோக்கர்களிடமும் சொல்லியாயிற்று. வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள். எங்கள் சந்தோ 10 அடி! வீட்டுக்கடன் இன்னும் 4 வருடம் பாக்கி.

பட்டாபிராம் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் இந்த மாதிரி சின்ன போர்ஷனுக்கு வருகிறார்களா, அல்லது இப்போதே விற்றுவிடுவது நல்லதா? ஆவடி, பட்டாபிராம் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சொல்லுங்கள்.