1862 விக்டோரியா ரூபாய்: அசலா, என்ன விலை போகும்?

தாராவிக்காரன்:
ஊரிலிருந்து வந்த ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், சுருக்குப்பைக்குள் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி, 'விக்டோரியா குயின்' என்ற எழுத்து. மறுபக்கம் பூவேலைக்கு நடுவே 'ஒன் ருபீ இந்தியா 1862'. ராணியின் கன்னமும் காதோர முடியும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. ஆண்டு தெளிவு. மேல் விளிம்பில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படுகிறது. நிறம் கருஞ்சாம்பல். நகைக்கடைத் தராசில் 11.41 கிராம்.

விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பேசினேன். மூன்று லட்சம் தருகிறாராம், முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். இங்கே அத்தை, திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று நிற்கிறாள். என்ன செய்யலாம்?

பழங்காசுப் பைத்தியம்:
தம்பி, முதலில் அத்தையிடமிருந்து காசை வாங்கி வையுங்கள். வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறு சரி, காசுக்கு ஆகவே ஆகாது. தேய்த்த காசை லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் கோடு கோடாகத் தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். அந்தக் கருமை காலத்தால் படிந்தது, அப்படியே இருக்கட்டும். புளியும் கூடாது.

கட்டணம் கேட்கிறவர் காசு வாங்க வந்தவரே இல்லை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் பிடுங்குகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எண்ணை பிளாக் பண்ணுங்கள்.

ஜவேரி பஜார் பட்டறை:
இந்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தது 11.4 இருப்பது இயல்புதான். ஆனால் எடையை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு தசமம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வரவேண்டும். இந்தக் காசு 91.7 சதவீத வெள்ளி, மீதி செம்பு. பித்தளை, பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் என்றால் ஒன்பதைத் தாண்டாது. விளிம்பு வரிகளையும் பாருங்கள். வார்த்த போலியில் வரிகள் மழுங்கியிருக்கும், சிலதில் அச்சு சேர்ந்த கோடு ஓடும்.

தாராவிக்காரன்:
1.10 காட்டியது அண்ணாச்சி. வகுத்தால் 10.37. காந்தம் ஒட்டவில்லை. விளிம்பு வரிகள் ஒழுங்காக இருக்கின்றன, அந்த மேட்டுப் பக்கம் மட்டும் அடைபட்டிருக்கிறது.

ஜவேரி பஜார் பட்டறை:
அப்போ வெள்ளிதான். அந்த மேடு பற்றவைப்பு. யாரோ வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், அப்புறம் கழற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பெட்டிகளில் வரும் காசுகளில் அடிக்கடி பார்க்கிற சங்கதி. சேகரிப்பவர்கள் இதற்கு நிறையவே கழித்துக்கொள்வார்கள். அரம் வைத்து ராவிச் சரி பண்ணலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பழங்காசுப் பைத்தியம்:
இன்னொன்று. ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றனவா? 1862 என்று போட்டிருப்பதால் அந்த வருடமே அடித்தது என்று அர்த்தமில்லை. அதே ஆண்டைப் போட்டுப் பல வருடம் அடித்தார்கள், 1874-இல்தான் ஆண்டு மாறியது. பம்பாய் அக்கசாலையில், அதாவது அரசு நாணயம் அடிக்கும் சாலையில், அடித்த காசுகளில் புள்ளிக் கணக்கை வைத்துத்தான் வகை பிரிக்கிறோம். சில வகைக்கு நல்ல கிராக்கி. விளக்கைச் சாய்வாகப் பிடித்து, காசைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்போதைக்குக் கணக்கு இதுதான்: உங்கள் காசில் சுமார் பத்தரை கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். முகம் தேய்ந்து, பற்றவைப்பும் இருப்பதால் அதற்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும். லட்சமெல்லாம் கனவு. நாணயக் கண்காட்சி நடக்கும்போது மூன்று நான்கு பேரிடமாவது காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாராவிக்காரன்:
இரண்டு புள்ளி மாதிரி தெரிகிறது, ராத்திரி படம் போடுகிறேன். துபாயில் இருக்கும் மச்சான், அங்கே கொண்டுபோனால் கூடுதல் விலை கிடைக்கும் என்கிறான்.

பழங்காசுப் பைத்தியம்:
வேண்டவே வேண்டாம். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் காசும் போகும், மச்சானின் பயணமும் போகும்.