வாசிப்புக் குழுவில் அடுத்த நூல்: வாக்கெடுப்பை நிறுத்திவிடலாமா?

மடித்தபக்கம் எழுதியது:

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு நூல். மூன்று ஆண்டுகளாக வாக்கெடுத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். யார் வேண்டுமானாலும் ஒரு நூலை முன்மொழியலாம். ஆளுக்கு ஒரு வாக்கு. அதிகம் வாங்கியது வெல்லும். போன மாதம் அறுநூறு பக்க வரலாற்று நாவல் ஒன்று ஒன்பது வாக்குகளுடன் வென்றது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். முழுதும் படித்திருந்தவர்கள் மூன்றே பேர்.

அந்த நாவலுக்காக மிக உரக்கப் பேசியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிரதியில் சிவப்பு நாடா ஒன்று உண்டு, பக்கம் குறிக்க. அது அச்சகத்தில் எப்படி மடித்து உள்ளே வைத்தார்களோ அதே மடிப்போடு, அதே பக்கங்களுக்கு நடுவில் படுத்திருந்தது. ஒரு மாதமாக யாரும் அதைத் தொடவே இல்லை.

ஆகவே என் யோசனை: வாக்கெடுப்பு வேண்டாம். மாதம் ஒருவர், முறை வைத்து. அவர் சொல்லும் நூலை மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் படிக்க வேண்டும்.

இரவுவிளக்கு எழுதியது:

மறுபேச்சில்லாமல் என்ற சொல்லிலேயே உங்கள் குழு உடைந்துவிடும், நண்பரே. நான் முன்பு இருந்த குழுவில் இதே முறைதான். ஐந்தாவது மாதம் ஒருவர் தம்முடைய கவிதைத் தொகுப்பையே எடுத்துவந்தார். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்க, என்ன பேசுவது? எல்லாரும் அட்டைப்படத்தைப் பாராட்டினோம். அட்டைப்படத்தையே இருபது நிமிடம் பாராட்டினோம். அடுத்த மாதம் பாதிப் பேர் வரவில்லை.

வாக்கெடுப்பில் தோற்றவனுக்குக்கூட ஒரு ஆறுதல் உண்டு, தன்னையும் கேட்டார்களே என்று. அதை ஏன் பிடுங்குகிறீர்கள்?

ஓரக்குறிப்பு எழுதியது:

கேட்டார்கள், சரி. கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்பது வேறு விஷயம். கொண்டோர்செ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1785இலேயே இதைக் காட்டிவிட்டார். மூன்று பேர், மூன்று நூல்கள் என்று வையுங்கள். முதலாமவரின் விருப்ப வரிசை நாவல், சிறுகதை, பயணநூல். இரண்டாமவருக்குச் சிறுகதை, பயணநூல், நாவல். மூன்றாமவருக்குப் பயணநூல், நாவல், சிறுகதை. இப்போது இரண்டிரண்டாக மோதவிடுங்கள். நாவல் சிறுகதையை வெல்லும், சிறுகதை பயணநூலை வெல்லும், பயணநூல் நாவலை வெல்லும், ஒவ்வொன்றும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். குழுவின் விருப்பம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. முதலில் இரண்டை மோதவிட்டு, வென்றதை மூன்றாவதோடு மோதவிட்டால், எந்த வரிசையில் செய்தாலும் கடைசியாக உள்ளே வந்த நூல்தான் வெல்லும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதாவது வாக்கெடுப்பை நடத்துகிறவரே நூலைத் தேர்ந்தெடுத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாமல்.

இரவுவிளக்கு எழுதியது:

அழகான கணக்கு. ஆனால் மடித்தபக்கம் சொன்ன நாவல் பன்னிரண்டில் ஒன்பது வாக்கு வாங்கியது. அதற்கு எதிரே எந்த நூலை நிறுத்தினாலும் அதுதான் வென்றிருக்கும். உங்கள் கொண்டோர்செ இங்கே எதற்கு?

குறை வாக்கெடுப்பில் இல்லை, ஆளுக்கு ஒரே வாக்கு என்ற விதியில் இருக்கிறது. படிக்கச் சம்மதமான எல்லா நூல்களுக்கும் கை தூக்கட்டும். அதிகக் கைகள் எதற்கோ அது. யாருக்கும் கசப்பு இல்லை.

மடித்தபக்கம் எழுதியது:

யாருக்கும் கசக்காத நூல்தான் என் பயமே. அதையும் செய்து பார்த்தோம், நான்கு மாதம். எல்லாருக்கும் சம்மதமான நூல்களே வந்தன, எல்லாரும் படித்தார்கள், நன்றாக இருந்தது என்றார்கள், அரை மணியில் கூட்டம் கலைந்தது. எங்கள் குழுவில் சண்டை மூண்டு இரவு வெகுநேரம் பேசியது ஒரே ஒரு முறை. ஒருவர் பிடிவாதமாக நின்று, ஏழு பேருக்குப் பிடிக்காத ஒரு நூலைப் படிக்கவைத்த மாதம் அது.

1996இல் அமெரிக்கத் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நூல் மன்றம் தொடங்கியபோது பார்வையாளர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. தாம் தேர்ந்த நூலைச் சொன்னார், கூட்டம் கூட்டமாகப் படித்தார்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

பிடிக்காதவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போகலாம். உங்கள் பன்னிரண்டு பேர் எதை அணைப்பார்கள்?

புதியவள் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். நானும் வேறொரு குழுவில் தடித்த நூலுக்கு வாக்களித்துவிட்டுப் படிக்காமல் போனவள்தான். ஏன் வாக்களித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மெலிந்த நூலுக்குக் கை தூக்க வெட்கமாக இருந்தது. எல்லாரும் பெரிய நூலைப் பற்றிக் கண் விரியப் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் அந்த நூற்றிருபது பக்க நூலைப் படிக்கலாமே என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இரவுப் பணி. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படித்தால் பெரிது. அறுநூறு பக்கத்தை முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு இருபது. அந்தக் கணக்கு கை தூக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கினேன். ஓரக்குறிப்பு ஐயா சொல்லும் கணக்கில் எல்லாரும் உண்மையாக வாக்களிக்கிறார்கள். நான் அளித்ததோ, நான் ஆக விரும்பிய ஒரு வாசகியின் வாக்கு.

இரவுவிளக்கு எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. ரகசிய வாக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நீங்கள் சொல்வது பிறருக்கு முன்னால் வரும் வெட்கம் மட்டுமில்லை போலிருக்கிறது. சீட்டில் எழுதச் சொன்னாலும் அந்தத் தடித்த நூலைத்தான் எழுதியிருப்பீர்களோ?

புதியவள் எழுதியது:

எழுதியிருப்பேன்.

இரவுவிளக்கு எழுதியது:

சரி, பாதி இறங்கிவருகிறேன். முறை வையுங்கள். ஆனால் முறைக்காரர் ஒரே நூலைத் திணிக்காமல் மூன்றை முன்வைக்கட்டும். மற்றவர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். சொந்த நூல் கூடாது. பக்கக் கணக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரவல் கிடைக்குமா, ஒலிநூல் உண்டா என்பதையும் சேர்த்து.

ஓரக்குறிப்பு எழுதியது:

மூன்று என்றால் ஒன்றை ஒன்று வெல்லும் அந்தச் சுழற்சி திரும்ப வந்துவிடும்! இரண்டு போதும். இரண்டே நூல்கள் இருந்தால் சுழற்சிக்கு இடமில்லை, நடத்துகிறவர் வரிசையை மாற்றி விளையாடவும் முடியாது. சரிசமமாக நின்றால் முறைக்காரர் சொன்னது.

மடித்தபக்கம் எழுதியது:

இரண்டுக்குச் சம்மதம். ஒரு விதி மட்டும் சேர்க்கிறேன்: முன்வைப்பவர் இரண்டையும் ஏற்கெனவே படித்து முடித்திருக்க வேண்டும். நாடா கலையாத நூலை எங்களிடம் நீட்டக் கூடாது.

இரவுவிளக்கு எழுதியது:

அதை மட்டும் ஏற்க மாட்டேன். தானும் படித்திராத நூலுக்குள் பத்துப் பேரோடு சேர்ந்து இறங்குவதற்குத்தானே குழு? முன்பே படித்தவர் ஆசிரியர் போல உட்கார்ந்துகொள்வார். இவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மடித்தபக்கம் எழுதியது:

தடுமாறுவதற்கு முதலில் திறக்க வேண்டும் அல்லவா! எங்கள் குழுவுக்கு இந்த விதி வேண்டும். உங்கள் குழுவுக்கு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். வரும் கூட்டத்தில் சீட்டுப் போட்டு முதல் முறைக்காரரை எடுக்கிறோம்.

புதியவள் எழுதியது:

உங்கள் விதியை எங்கள் குழுவிலும் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். சீட்டில் என் பெயரே விழுந்துவிட்டது. நூற்றைம்பது பக்கத்துக்கு உட்பட்ட இரண்டு நூல்களைக் கைவசம் வைத்திருக்கிறேன். ஒன்றை முடித்துவிட்டேன். மற்றதில் இன்னும் முப்பத்தைந்து பக்கம் பாக்கி, கூட்டமோ நாளை மறுநாள். விதிப்படி செல்லுமா?